அறுப்பு நேரத்து விரல் பாட்டு

எங்களை ஆண்ட பிரெஞ்சுக்காரன் ஊரில் தை மாதம் வெண்பனி கொட்டுமாம். கொட்டட்டும், எனக்கென்ன? ஆனால் பாகூர் ஏரிக்கரையில் ஒழுகுகிற மூக்கோடு உட்கார்ந்திருந்த நாலு வயசுப் பிள்ளைகளுக்கு அதை விரலால் ஆட்டிக் காட்டிப் பாடச் சொல்லித்தர வேண்டும் என்பது உத்தரவு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விரல் பாட்டு. எல்லாம் அவர்கள் நாட்டுப் பருவம்.

ஐப்பசி நடவின்போது நானே ஒன்று கட்டியிருந்தேன். "ஒத்த விரலு நாத்து, ரெட்ட விரலு நாத்து, சேத்துல குத்து, சேத்துல குத்து." பிள்ளைகள் தரையில் விரலைக் குத்திக் குத்திச் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் கேட்டுவிட்டு, "இதெல்லாம் வயல்ல பாடட்டும்" என்று முகத்தைச் சுளித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பாட்டை அதோடு நிறுத்திவிட்டேன். அந்தச் சின்னப்பிள்ளை வகுப்பையே சோதனை முறையில்தான் திறந்திருந்தார்கள். பள்ளிகளைப் பார்வையிடும் பிரெஞ்சுத் துரை வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் வகுப்பும் நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால், தாலியறுத்த எனக்கு அண்ணன் வீட்டு அடுப்படிதான் கதி.

ஆகவே வெண்பனிப் பாட்டு. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் நெளித்து நெளித்து மெல்லக் கீழே இறக்க வேண்டும். பிள்ளைகள் அதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமா என்று நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் காலை ஒரு குடியானவர் வீட்டு அம்மாள் பள்ளி வாசலில் நின்றாள். என் வகுப்பிலிருந்த ஒரு பையனின் தாய்.

"இன்னா வாத்தியாரம்மா இது? நெல்லு களத்துல கெடக்குது. நீ பசங்கள வுட்டு மழைய கூப்புட்ற?"

அப்போதுதான் உறைத்தது. கோடையில் ஏரி வற்றினால் பச்சைப் பிள்ளைகளைக் கரைமேல் நிறுத்தி, மழைப் பாட்டுப் பாடி, கையைத் தூக்கி விரலை நெளித்து இறக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் கூப்பிட்டால் வானம் கேட்கும் என்று நம்பிக்கை. அறுப்பு நேரத்தில் எந்தப் பிள்ளையும் அப்படி விரலை ஆட்டாது.

"இது மழை இல்லம்மா. வெள்ளையா, பஞ்சாட்டம் விழும்."

"மேலேருந்துதான விழுது?"

போதாக்குறைக்கு அன்று சாயங்காலமே தூறல் போட்டது. களத்து நெல் நனைந்தது. அடுத்த நாள் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். கெஞ்சினேன். துரை வருகிற அன்றைக்கு மட்டுமாவது அனுப்புங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அனுப்பினார்கள். பிள்ளைகளின் வாய் குறைவில்லாமல் பாடியது. கைகள்தான் அக்குளுக்குள் இறுகிக் கிடந்தன. "விரல ஆட்டுனா சூடு வெப்பேன்னு எங்கம்மா சொல்லிச்சு" என்று ஒரு பெண் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். நான் மட்டும் துரைக்கு முன்னால் தனியாக வெண்பனி கொட்டிக்கொண்டிருந்தேன்.

துரை ஏதோ சொன்னார். தலைமை ஆசிரியர் தமிழில் சொன்னார்: "பிள்ளைங்களுக்குக் கையே வரலையாம். இன்னும் படிக்கிற வயசு ஆகலையாம்." விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துரை வண்டியேறிவிட்டார். பங்குனியில் வகுப்பை மூடிவிட்டார்கள்.

வைகாசியில் ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது. அண்ணன் வீட்டுக் கொல்லையில் நான் கரிப்பானை தேய்த்துக்கொண்டிருந்தபோது அதே அம்மாள் வந்தாள். பின்னால் என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும்.

"கோச்சிக்காதம்மா. எங்க பாட்டுக்கு ஒண்ணும் வரல. ஒன் பாட்டுக்கு அன்னிக்கே தூறிச்சே! ஒரு வாட்டி பாட வையி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் கையைத் தூக்கிவிட்டார்கள். ஒரு சொல் பிசகவில்லை, ஒரு விரல் பிசகவில்லை. அத்தனை கைகளும் ஒன்றாக நெளிந்து நெளிந்து, அன்றைக்குத் துரை பார்க்க விரும்பியபடியே இறங்கின.

"பானை இன்னும் ஆவலியா?" என்று உள்ளேயிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.