கூத்தையாவின் வள்ளப் பலகைகள்

சாயல்குடி கூத்தையாவைச் சினிமாவில் சாவதற்கென்றே கூப்பிடுவார்கள். சென்னையில் கத்திக்குத்து வாங்கிச் செத்துவிட்டு ஊருக்கு வந்தால் படம் வரைவார். வரையாத நாளில், பழைய மீன்பிடி வள்ளங்களின் முகப்பில் யாரோ வரைந்த படங்களைத் தேடிக் கடற்கரையெல்லாம் அலைவார். உடைக்கிற வள்ளங்களிலிருந்து வாங்கிவந்த பலகைகள் வீட்டுச் சுவரை மறைத்திருந்தன. மதியத் தூக்கத்தில் அவருக்கு வீடே மெல்ல மிதப்பதுபோல இருக்கும்.

1988இல், தங்கச்சிமடத்துச் சூசை தன் வள்ளத்தை உடைக்கிறார் என்று கேள்விப்பட்டு மனைவி பஞ்சம்மாளோடு போனார். முகப்பில் சிறகு முளைத்த ஒரு மீன். நீலம் வெளுத்து, கடலும் வானமும் சேருமிடத்து நிறத்தில் இருந்தது. தொட்ட கையைக் கூத்தையா எடுக்கவில்லை.

"காசு வேணாம். இதே மீனைப் புது வள்ளத்துல வரைஞ்சு குடுத்துட்டு எடுத்துக்கங்க" என்ற சூசை, அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏய்யா, போன மாசம் வந்த படத்துல கடல்ல முங்கிச் செத்தது நீங்கதான? ஒங்க கைய என் வள்ளத்துல வைக்க விடுவனா?"

பஞ்சம்மாள் முன்னால் வந்தாள்.

"நல்லா ரோசிங்கண்ணே. இவுகள வெட்டிப் பாத்துட்டாக, குத்திப் பாத்துட்டாக, கடல்லயும் முக்கிட்டாக. அம்புட்டு தடவையும் எந்திரிச்சு வந்து மீன்குழம்பு கேக்குறாக. இவுக வரைஞ்ச வள்ளம் கரைக்கு வராம எங்கன போகும்?"

சூசை சிரித்துவிட்டார். பெயிண்ட் டப்பாவை நீட்டினார்.

புது வள்ளம் முதல்முறை கடலுக்குப் போன அன்று கூத்தையா வீட்டுக்குக் கிளம்பவில்லை. பழைய மீன் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு, புது மீன் திரும்பி வரும்வரை மணலிலேயே உட்கார்ந்திருந்தார்.