டெய்லருக்கு நெயில் பாலிஷ்

லாரிக்குப் பின்னால் நின்று இஞ்சு டேப் பிடித்து அளக்கிற ஆளை திண்டிவனத்தில் யாரும் நல்லவனாக நினைப்பதில்லை. பைபாஸ் ஓரம் லாரிகளுக்கு பாடி கட்டி பெயிண்ட் அடிக்கிற எங்கள் பட்டறையில் அந்தப் பெரியவர் வந்து நின்றபோது, தவணை கட்டாத வண்டியைத் தூக்க வந்த ஃபைனான்ஸ்காரர் என்றே முடிவு கட்டினோம். வெள்ளைச் சட்டை, பழைய ஸ்கூட்டர், கையில் ஒரு நீள டிபன் பாக்ஸ். வண்டி தூக்க வருகிறவர் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வருவாரா என்பது மட்டும்தான் இடித்தது.

பட்டறையிலேயே வாய் நீளமானவன் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை.

"இன்னா சார், வண்டிய அளந்துக்கினு இருக்கீங்க? சட்டை தெக்கப் போறீங்களா?"

"இதுக்கு பெயிண்ட் அடிச்சது யாருப்பா?"

"நல்லா இருந்தா நான்தான் சார். நல்லா இல்லன்னா, அடிச்சவன் இன்னிக்கு லீவு."

அவர் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே பஞ்சு மேல் ஒரு லாரி படுத்திருந்தது. ஒரு சாண் நீளம். முன்னால் இழுக்கிற வண்டி, பின்னால் நீளப் பெட்டி, சுற்றுகிற சக்கரம், எல்லாம் இருந்தது.

அவருக்கு விழுப்புரம். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் இரண்டு கட்டில் அகலத்துக்குப் பலகை போட்டு, அதன் மேல் ஜங்ஷனையே சின்னதாகச் செய்து வைத்திருக்கிறாராம். ரயில் கரண்டில் ஓடுமாம். கேட் மூடியிருக்கும் இடத்தில் லாரிகள் வரிசையாக நிற்க வேண்டும். ஆனால் கடையில் வாங்கிய லாரிகள் எல்லாம் வெளிநாட்டு ஜாடை. குளித்து, பவுடர் போட்டு, பெண் பார்க்கக் கிளம்பிய மாதிரி நிற்கின்றன.

"நம்மூர் கேட்ல இப்படி ஒரு வண்டி நின்னா ஜனம் செல்ஃபி எடுக்கும்பா. எனக்கு நம்ம வண்டி வேணும். தார்ப்பாய், கயிறு, துரு, பின்னாடி தொங்கற கறுப்புத் துணி, அத்தனையும்."

"சார், உண்மையச் சொல்லுங்க. இதுக்குள்ள இன்னா வெச்சி கடத்தறீங்க?"

அப்போதுதான் சிரித்தார். சிரித்ததும் எனக்குச் சந்தேகம் கூடிவிட்டது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்த வீட்டுக்குள் இருப்பது ரயிலா வேறு ஏதாவதா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ரயில்தான் இருந்தது. கூட தலையில் மாட்டிக்கொள்கிற ஒரு பூதக்கண்ணாடியும், பொம்மைக்கு அடிக்கிற ஊசி பிரஷ்ஷும். முதல் வண்டிக்கு நான் பட்டறை வழக்கப்படி பெயிண்டை அள்ளிப் பூசினேன். ஆணித் தலை, கதவுக் கொண்டி, எல்லாம் மூழ்கிப்போய் லாரி இட்லி ஆகிவிட்டது. பெரியவர் அதைத் தின்னரில் ஊறப்போட்டுச் சுரண்டினார். பிறகு தண்ணியாகக் கலக்கி, காயவிட்டுக் காயவிட்டு அடிக்கப் பழகினேன். டீக்கடை டிஷ்யூ பேப்பரைப் பசைத் தண்ணியில் நனைத்துப் போர்த்தினால் தார்ப்பாய். தையல் நூல்தான் கயிறு. புழுதிக்குச் செம்மண்ணைத் துணியில் சலித்து ஊதினேன். மூக்கில் போனதுதான் அதிகம்.

பின்பக்கம் ஹாரன் அடிக்கச் சொல்லும் இங்கிலீஷ் எழுத்துகளையும் போட்டேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது. கோலம் போடுகிற மாதிரி பார்த்து வரைவேன். பெரியவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு எழுத்து இடம் மாறியிருக்குதே. வேணும்னே எழுதினியா?"

"பெரிய வண்டியிலயும் அப்டித்தான் சார் எழுதிக்கினு இருக்கேன்."

"அப்போ மாத்தாத. இதான் அசல்."

பத்து வருஷமாக நான் எழுதியனுப்பிய லாரிகள் எந்தெந்த ஊரில் ஓடுகின்றனவோ என்று நினைத்து அன்றைக்குக் கொஞ்சம் வேர்த்தது.

இந்த நீள வண்டிக்கு ட்ரெய்லர் என்று பெயர். அதை அவர்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் பட்டறையில் அது டெய்லர். சட்டை தைக்கிறவரும் டெய்லர். இதுவரை யாரும் குழம்பியதில்லை, ஏனென்றால் சட்டை தைக்கிறவர் யாரும் பட்டறைக்கு வந்ததில்லை. என் நாக்கு மாறாது என்று தெரிந்ததும் பெரியவரே டெய்லர் என்று சொல்ல ஆரம்பித்தார். வினையே அங்கேதான்.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. மீசை நரைத்த ஆள் பொம்மை லாரிக்கு பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்று சொன்னால் என் மனைவி தெருக்குழாயில் குடம் நிரம்புவதற்குள் ஊருக்கே சொல்லி முடித்துவிடுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் அவசர வேலை. நான் பெயிண்டர், சிவப்பு டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. ஆனால் அத்தனை சின்னப் பின்விளக்குக்கு அதை வைத்தால் களிமண் உருண்டை. வீட்டில் இருந்த என் மனைவியின் நெயில் பாலிஷை குண்டூசி முனையில் தொட்டு வைத்தால் அப்படியே கண்ணாடி மாதிரி மின்னியது. பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவேன், வந்ததும் இருந்த இடத்தில் வைத்துவிடுவேன்.

அவள் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறவள். கைப்பிடி பருப்பில் ஒரு சொத்தை இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துப் போடுவாள். பாட்டிலில் பாலிஷ் இறங்கியது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் என் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ராத்திரிச் சோறு போடும்போது போன் அடித்தது. பெரியவர்தான்.

"ஆங், சொல்லுங்க... டெய்லரா? காஞ்சி சூப்பரா வந்திருக்குதா? பாடி பளபளன்னு இருக்குதா... இல்ல இல்ல, பின்னாடி மட்டும் கொஞ்சம் செவப்பு வெக்கணும். ஞாயித்துக்கெழம வந்து வெச்சிடறேன்."

போனை வைத்தேன். கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றிருந்தது.

"யாருய்யா அந்த டெய்லரு?"

"டெய்லர் இல்லடி, டெய்லரு. லாரி!"

"லாரிக்கு எதுக்குய்யா என் நெயில் பாலிஷ்? லாரிக்கு வெரல் இருக்குதா?"

"பொம்ம லாரிம்மே!"

"ஆமாமா, பொம்ம மாதிரிதான் இருப்பா."

உண்மை சொல்லிப் பழக்கமில்லாத ஆள் உண்மையைச் சொன்னால் இதுதான் பேஜார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பொய்கூடக் கலக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ரிட்டயர் ஆனவர், கட்டில் அகலத்தில் ஜங்ஷன், டிஷ்யூ பேப்பர் தார்ப்பாய். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது.

"சரி, நீயே கூட வந்து பாரு."

"சொல்லிட்டு வந்தா அவள ஒளிச்சி வெச்சிடுவ. நான் எப்ப வரணுமோ அப்ப வர்றேன். அவ இருந்தா, நான் கிளியனூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீயாச்சு, உன் டெய்லராச்சு."

மறுநாளே அவள் துணிப்பை கதவோரம் வந்து உட்கார்ந்துவிட்டது. விளையாட்டுக்குக் கட்டிய பை இல்லை. அவளுடைய தலையணையும் உள்ளே இருந்தது. தலையணை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினால் முன்சீட்டு பொம்பளைகள் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்ப்பேன். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிக் காட்டினார். என் மனைவியைக் காணோம். இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவது ஞாயிறு, பெரியவர் வீட்டில் நான் கைகழுவப் பின்பக்கம் போயிருந்தபோது வாசலில் அவள் குரல். அடுத்த பஸ் பிடித்து, ரயில் பொம்மை வீடு எது என்று கேட்டுக் கேட்டே வந்திருக்கிறாள்.

"டெய்லர் இருக்காங்களா?"

பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பெரியவர் மகா சந்தோஷமாகப் பதில் சொன்னார். "உள்ள ரூம்ல படுத்துக்கினு இருக்குது வாம்மா! இப்பத்தான் உடம்பெல்லாம் பூசி முடிச்சாரு. ஈரம், தொட்டுடாத."

நான் ஓடிவருவதற்குள் அவள் செருப்போடு அறைக்குள் போய்விட்டாள். கையில் அந்தத் துணிப்பை. கட்டில் அடியில் குனிந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். பீரோவைத் திறக்கலாமா என்று பெரியவரிடம் கேட்டே விட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் சாவி கொடுத்தார். கடைசியில்தான் பலகையைப் பார்த்தாள். மூடிய கேட், வரிசையாக லாரிகள், புழுதி படிந்த தார்ப்பாய். பின்னால் ஒவ்வொன்றிலும் அவளுடைய நெயில் பாலிஷ், பொட்டுப் பொட்டாக.

பெரியவர் ரயிலை ஓடவிட்டார். அவள் ரயிலைப் பார்க்கவில்லை. அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை வாங்கி, சொத்தை பொறுக்குகிற கண்ணோடு லாரி லாரியாகத் தேடினாள். நான் மூச்சு விட்டேன். விட்டது தப்பு.

"யாருய்யா இவ?"

கடைசி லாரிக்குப் பின்னால் விரல் நக உயரத்துக்கு ஒரு பொம்பளை பொம்மை. கடையிலிருந்து வெளிநாட்டுக் கவுன் போட்டு வந்ததுக்கு நான்தான் மீதிப் பச்சை பெயிண்டில் புடவை கட்டிவிட்டிருந்தேன்.

"உங்க வூட்டுக்காரர்தாம்மா ஆசையா பண்ணாரு" என்றார் பெரியவர், உதவி செய்கிற நினைப்பில்.

"அது... நீதான்மே."

"எங்கிட்ட ஏதுய்யா பச்சப் பொடவ?"

பச்சைதான் மிச்சம் இருந்தது என்று நான் ஆரம்பித்தேன். அவள் பைக்குள் கைவிட்டாள். தலையணை வரப்போகிறது, அப்படியே கிளியனூர் பஸ்தான் என்று நினைத்தேன். வந்தது நெயில் பாலிஷ் பாட்டில். சாட்சிக்காகக் கொண்டுவந்திருப்பாள். தரையில் உட்கார்ந்து, என் ஊசி பிரஷ்ஷைப் பிடுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் புடவையைச் சிவப்பாக்கினாள். ஒரு சொட்டு வழியவில்லை. நான் இட்லி ஆக்கிய முதல் லாரியைப் பற்றிப் பெரியவர் பேச ஆரம்பித்தார். கண்ணைக் காட்டி நிறுத்தினேன்.

காய்ந்ததும் பொம்மையை இரண்டு விரலால் எடுத்து, லாரிக்குப் பின்னாலிருந்து நகர்த்தி, முன்னால் நிற்கிற லாரியின் டிரைவர் சீட்டுக்கு நேர் எதிரே கேட்டோரம் நிறுத்தினாள்.

"இங்கயே நிக்கட்டும். கேட்டு தொறந்தா வண்டி எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கணும்."