சவுண்டு என்றால் எஸ்தர்

செய்தியைச் சொன்னவர் ஒரு வாடிக்கையாளர். பழைய கம்ப்யூட்டரை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தவர், எஸ்தர் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டதாகவும், கடை பூட்டியிருப்பதாகவும், அதனால் என்னிடம் வந்ததாகவும் சொன்னார். அந்த ‘அதனால்’ என்னை உறுத்தியது. அந்த நேரத்திலும் உறுத்தியது என்பதை, எங்கள் இருவரையும் அறிந்த ஊர்க்காரர்களான உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாங்கள் இருவரும் திண்டிவனத்தில் ஒன்றாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றவர்கள். செஞ்சியில் நான்தான் முதலில் கடை போட்டேன், பஸ் ஸ்டாண்டு பக்கம். மறு வருடமே அவள் திருவண்ணாமலை ரோட்டில் போட்டாள். என்னைவிட இளையவள். அடக்கமெல்லாம் கிடையாது. “சவுண்டு பிரச்சினைன்னா செஞ்சில என்ன உட்டா ஆளு இல்ல” என்று கடைக்கு வருபவர்களிடமே சொல்வாள். சொன்னபடி செய்தும் காட்டுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை.

தொண்டூர் குமரனை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பார்வையில்லாதவர். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளை வைத்துத்தான் லேப்டாப்பில் வேலை செய்வார். வைரஸ் புகுந்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தார். மறுநாள் அவருக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். அவருடைய கோப்புகளையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். எல்லாம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சத்தத்தை இயக்கும் மென்பொருளான ஆடியோ டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பழையது, புதியது எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் படத்தின் மேல் இருந்த சிவப்புப் பெருக்கல் குறி போகவே இல்லை. ஸ்பீக்கரே போயிருக்கும், வரவழைக்க வேண்டும் என்றேன். குமரன் கீபோர்டின் மேலிருந்து கையை எடுத்தார். கூட வந்திருந்த அவர் தம்பி லேப்டாப்பை எடுத்துக்கொள்ள, இருவரும் எஸ்தரிடம் போனார்கள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

“அக்கா, ஸ்பீக்கரு நல்லாத்தான் இருக்குது. அடியில சிப்செட் டிரைவர் போடாம உட்டுட்ட. அது இல்லாம மேல எத்தினி தபா ஆடியோ டிரைவர் போட்டாலும், போர்டுல சவுண்டு கார்டு இருக்கிறதே விண்டோஸுக்குத் தெரியாது.”

“உன்ன யாரு கேட்டா?” என்று வைத்துவிட்டேன்.

அவள் அதோடு விடவில்லையாம். வாசிக்கும் குரலை அவருக்குப் பழக்கமான வேகத்தில் வைத்து, அவரையே உட்காரவைத்து, எல்லாவற்றையும் தனியாகச் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அனுப்பினாளாம். குமரனுக்கு வேலை கிடைத்தது. அதன் பிறகு தெரிந்தவர்களையெல்லாம் அவர் அவளிடமே அனுப்பினார்.

அவளை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் அத்தனை கூட்டம். எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்றுதான் நினைத்தேன். நான் யாரிடமோ பேசியதைக் கேட்டுக் குரலை அடையாளம் கண்டுகொண்டு குமரன் அருகில் வந்தார்.

“உங்களப் பத்தி அடிக்கடி சொல்லும்க்கா. விண்டோஸ் மாத்தணும்னா பஸ் ஸ்டாண்டு அக்காகிட்ட போங்க, ஒரு போட்டோகூட தொலையாது, எனக்கு அந்தப் பொறுமை இல்லன்னு சொல்லும்.”

என்னைத் தேடிவந்தவர்களில் எத்தனை பேரை அவள் அனுப்பினாளோ. போட்டிக்காரியைப் புகழும் அந்த மனசும் அவளுக்கே வாய்த்ததே என்று அங்கேயும் பொறாமைப்பட்டேன்.

இப்போது சிப்செட் டிரைவரைப் போட்ட பிறகே ஆடியோ டிரைவரைத் தொடுகிறேன். வேலை முடிந்ததும் கொண்டுவந்தவரையே உட்காரவைத்துச் சத்தத்தைக் கேட்கச் சொல்கிறேன். இரண்டும் எஸ்தருடையவை. போன வாரம் அனந்தபுரத்துக்காரர் ஒருவர் அப்படிக் கேட்டுப் பார்த்துவிட்டு, எஸ்தரம்மா கடையில் சரிசெய்து தருவது மாதிரியே இருக்கிறது என்றார். வயிறு எரிந்தது. ஆமாம், அவள் வேலைதான் என்று சொல்லி அனுப்பினேன்.