மூக்கில் ஓட்டை இல்லாத சாமி

புதுவாயல் தாண்டி, இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் வாசலில் பஸ் பழுதாகி நிற்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் என் இடுப்புயரத்துக்கு ஒரு கூர்முனை இரும்பு, சிமெண்டில் நட்டு, மஞ்சள் குங்குமம் பூசியிருக்கிறது. பழைய போர்க்கப்பல் புத்தகங்களிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இது நூறு வருடத்துக்கு முந்தைய கப்பல் பீரங்கியின் குண்டேதான். இங்கே எப்படி வந்தது என்று வாய்விட்டே கேட்டுவிடுகிறேன்.

"வெளிநாட்டு ஸ்கிராப்போட வந்துச்சு சார்," என்கிறார் கற்பூரத்தோடு வரும் ஆலைத் தொழிலாளி கன்னியம்மா. "மூடின சாமான உலையில போடக்கூடாது, வெடிச்சிடும். தப்பிச்சிக்கினு சாமி ஆயிடுச்சு."

"உள்ளே வெடிமருந்து இருந்தால்?"

"இன்னா சார் நீங்க! வெடிக்கிற குண்டுன்னா மேல கூரா இருக்குற மூக்குல ஓட்டை இருக்குமாம், இதுல ஓட்டையே இல்ல. பாத்துட்டுத்தான் நட்டாங்க."

ஆனால் கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கும் குண்டுக்கு, வெடிக்கவைக்கும் ஃப்யூஸை மாட்டும் ஓட்டை மூக்கில் இருக்காது, அடியில்தான் இருக்கும். இது அந்த வகையா, மருந்தில்லாத வெறும் பயிற்சிக் குண்டா? அடியைப் பார்த்தால் தெரியும். அடி சிமெண்டுக்குள் இருக்கிறது.

கன்னியம்மா குண்டின் உச்சியில் கற்பூரத்தை வைக்கிறார். பற்றவைக்கும் தீக்குச்சி காற்றில் அணைகிறது.

"கிட்ட வந்து காத்த மறைங்க சார்."

இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு கிட்டே போகிறேன்.