செல்வினோடு மாடியேறிய நாள்

செல்வின் போய்விட்டான் என்ற செய்தி, சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது கிடைத்தது. போனில் அவன் தம்பிதான் பேசினான். "அண்ணன் காலைல நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போயிருந்தது.

பாளையங்கோட்டையில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இங்கே கூடியிருக்கும் உங்களில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவன் பாடக் கேட்டவர்கள், வேலையிடத்தில் அவன் எவ்வளவு குறைவாகப் பேசுவான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கட்டி ஓடவிடும் கண்டெய்னர் வேலையை இருவரும் சேர்ந்தே கற்றோம். அவற்றை ஓட்டும் கணினித் தொகுப்பான கிளஸ்டருக்குள் ஓடும் சேவைகளுக்கெல்லாம் பொதுவான வாசல் இங்கிரஸ். எந்த முகவரிக்கு வருபவரை எந்தச் சேவைக்கு அனுப்புவது என்று அதில் விதி எழுத வேண்டும். முதல் முறை என் மடிக்கணினியில் விதிகளை எழுதிவிட்டு இரண்டு நாள் முழித்தோம். பக்கம் திறக்கவில்லை. விதியைப் படித்து நடத்துகிற கண்ட்ரோலரை நிறுவவே மறந்திருந்தோம். "உள்ள எல்லாம் நல்லாத்தான் ஓடுது வே. வந்தவன் வெளிய நிக்கான், அதுல்லா கணக்கு" என்று சிரித்தான்.

பிறகு ஒரு மருத்துவமனையின் கட்டடத்திலேயே மூன்று கணினிகளைச் சேர்த்து கிளஸ்டர் அமைத்தோம். காத்திருப்பவர்கள் தங்கள் போனில் டோக்கன் எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். அவசரத்தில் நான் எழுதிய விதி, ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் திறந்துவிட்டது. அரை மணி நேரத்தில் செல்வின் அதைக் கண்டுபிடித்தான்; திருத்தினேன். அதற்குள் யாரோ ஒருவர் தன் போனில் ஒரு பெண்ணின் முடிவைத் திறந்திருந்தார்.

"தெரியாமத் தொட்டிருப்பாங்க. விட்டுருவோம்" என்றேன்.

"அந்தப் பொம்பளைகிட்டயும் இப்படியே சொல்லுவியா லே?"

"வா, டாக்டரம்மாட்ட சொல்லிருவோம்" என்று செல்வின் எழுந்தான். மருத்துவமனையை நடத்திய டாக்டரின் அறைக்கு மாடியேறினோம். கதவருகில் நான் பின்தங்கினேன். அவன்தான் சொன்னான்: "விதிய நாங்க தப்பா எழுதிட்டோம்மா."

டாக்டர் எங்கள் முன்னாலேயே அந்தப் பெண்ணை அழைத்து நடந்ததைச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "இனி இங்க வராதீங்க" என்றார். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அலுவலகத்தில் ஏச்சு வாங்கியவன் செல்வின். மேலே போய்ச் சொன்னவன் அவன் என்பதால் தவறும் அவனுடையது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அவனோடு வேலை பார்த்த உங்களில் பலர் இன்றும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது 'நாங்க' என்ற அந்த ஒரு சொல். இத்தனை ஆண்டுகள் அதற்குள் ஒளிந்திருந்தேன். அந்த விதியை எழுதியது நான்.