என் மனைவிக்குச் சாட்சி சொன்னவர்

யுத்தத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது நானும் என் மனைவியும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காடு மலையெல்லாம் நடந்து வந்தோம். அவள் பர்மாக்காரி. அங்கே ஓர் அரிசி மில் வாசலில் சாப்பாடு விற்றவள். நான் அந்த மில்லில் மூட்டை தூக்கினேன். மில்லில் பாதிப் பேர் விசாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள் என்பதால் அவளுக்குத் தெலுங்கு நன்றாக வரும். திருத்தணிக்கு வந்ததும், விசாகப்பட்டினத்துப் பெண் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் தெலுங்கு புதிதில்லை. அவள் பேச்சு வேறு மாதிரி இருந்தால், அந்தப் பக்கத்துத் தெலுங்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

"அந்தப் பக்கம் மூக்கு கூட வேற மாதிரியா?" என்று எதிர்க்கடைக்காரி மட்டும் ஒருமுறை கேட்டாள்.

மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்றுப் பிழைத்தோம். இரண்டாவது பையனும் பிறந்தான். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் பர்மாவும் தனி நாடானது. அங்கே பிறந்து, காகிதம் எதுவும் இல்லாமல் இங்கே இருப்பவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. எங்களுக்குக் கல்யாணத்துக்கே காகிதம் கிடையாது. எனக்கு எப்போதும் நாலு பேர் முன்னால் பேச வராது. அவள் ஊரை மறைக்க அது சௌகரியமாகவே இருந்தது.

ஆடிக் கிருத்திகை முடிந்து மலைக்கோயில் பிரசாதச் சந்தனம் கொஞ்சம் கொண்டுவந்தேன். அதை இங்கே யாரும் பூசுவதில்லை. நோய் தீர, தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவள் குழைத்து இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்தாள். பர்மாப் பெண்கள் மரப்பட்டையை அரைத்து அப்படித்தான் பூசுவார்கள்.

"குடிக்கிறத கன்னத்துல தடவிகினு வந்துகிறா பாரு!" என்று எதிர்க்கடைக்காரி கூவினாள்.

கற்பூரம் வாங்க நின்றிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருப்பவர். ரங்கூனில் எங்கள் மில் குமாஸ்தாவாக இருந்தவர். எனக்கு அவரை உடனே தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது என்னையல்ல, அவளை. பர்மா மொழியில் ஏதோ கேட்டார். அவள் யோசிக்காமல் மளமளவென்று பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். இந்த ஊருக்கு வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பர்மா பேச்சு கூலி கேட்கும் அளவுதான். அதை வைத்து ஒருத்தியைச் சிரிக்கவைக்க முடியாது.

அந்த வாரமே கான்ஸ்டபிள் வந்தார்.

"உன் சம்சாரம் பர்மாக்காரியாமே? அங்கயே இவங்க உன் பொண்டாட்டின்னு தெரிஞ்ச ஆளு யாரையாவது தாலுக்கா ஆபீசுக்கு இட்டுகினு வா. இல்லன்னா கப்பல்தான்."

"பசங்க?"

"பசங்க உன் பசங்கப்பா. இங்கயே இருக்கட்டும்."

சின்னவன் அப்போதும் அவள் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவான். தெரிந்த ஆள் என்று இந்த ஜில்லாவில் எனக்கு ஒருவர்தான் இருந்தார். அவரிடமே போனேன்.

"வா பாவா," என்றார். அவளைத் தங்கை முறையாக்கித்தான் என்னைத் தெலுங்கில் மச்சான் என்று கூப்பிட்டார். அந்த முறையும் எனக்கு ஆறுதலாக இல்லை. "அந்தம்மா கையால எத்தினி நாளு மீன் கொழம்பு சாப்ட்டுகிறேன்! சாட்சி சொல்லமாட்டனா? ஆமா, நீயும் அந்த மில்லுலயா இருந்த?"

"ஆங், மூட்ட தூக்கிகினு இருந்தேங்க."

"ஞாபகமே வரல. பரவால்ல, தெரியும்னே சொல்லிடறேன்."

தாலுக்கா ஆபீசில் அதிகாரி தெலுங்கில் கேட்கக் கேட்க, பயத்தில் அவளுக்குத் தெலுங்கு மறந்துபோயிற்று. டீக்கடைக்காரர் அதையே பர்மா மொழியில் கேட்டார். அவள் என்னைக் காட்டி அழுதுகொண்டே வெகுநேரம் பேசினாள். என்னிடம் அவள் அவ்வளவு பேசியதே இல்லை. முடிந்ததும் அவர் அதிகாரியிடம், "இவர்தான் புருஷன்னு சொல்றாங்க சார்," என்றார். அவ்வளவுதான்.

இருக்கலாம் என்று உத்தரவானது. ஆனால் மாதாமாதம் ஸ்டேஷனில் அவள் முகம் காட்ட வேண்டும். சாட்சி சொன்னவரே ஜாமீன் என்பதால் அவரும் கூடவே வர வேண்டும்.

வெளியே வந்ததும், "வேற என்னங்க சொன்னா?" என்று கேட்டேன்.

"அத உன் சம்சாரத்தக் கேளு பாவா," என்று சிரித்தார். அவளைக் கேட்டால், "நிஜத்தச் சொன்னேன்," என்கிறாள்.

மாதாமாதம் அவர் வருகிறார். அவள் மீன் குழம்பு வைக்கிறாள். இருவரும் பேசுகிறார்கள். நான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன மாதம் ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய நாளில் உச்சிப்பொழுதாகியும் ஆளைக் காணோம். அவள் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவரைக் கூட்டிவரக் கே.ஜி.கண்டிகைக்கு வெயிலில் ஓடினேன்.