லைன் நின்னுருச்சு

ஓசூர்ல யாராவது ‘லைன்’னு ஆரம்பிச்சா, எந்த லைன்னு கேட்டுக்கிட்டுதான் பதில் சொல்லணும். கம்பெனியில வண்டிக்கு ஒவ்வொரு பாகமா மாட்டிக்கிட்டே போற இடம் லைனு. நான் குடியிருக்கிற ஒத்தை ரூமு, அதே மாதிரி பத்து ரூமு ஒரே செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்குதே, அது லைன் வீடு. கம்பெனி பஸ்ஸை விட்டுட்டா ஓடிப்போய்ப் புடிக்கிறது லைன் பஸ்சு. தண்ணி லைன்ல வரும், கரண்ட்டு லைன்ல போகும். கேன்டீன்ல பசங்க ஒரு பொண்ணையே பாத்துக்கிட்டு சாப்பிட்டா லைன் அடிக்கிறானுங்கம்பாங்க. என் கூட சாப்பிடுற கன்னடக்காரன் அதையே ‘லைன் ஹொடியோது’ம்பான். ஆந்திராப் பக்கம் குப்பம் ஊர்லருந்து வர்றவன் தெலுங்குல ‘லைன் வேயடம்’பான். மூணு பாஷைக்காரனும் சண்டை இல்லாம ஒத்துப்போறது அந்த ஒரு விஷயத்துலதான்.

நான் பொண்ணு பாக்கப் போனப்ப மாமனார் கேட்டதும் அதையேதான். “மாப்ள எந்த லைன்ல இருக்காரு?” எங்க மாமா, “கம்பெனி லைனுங்க, பர்மனென்ட்டு”ன்னு கொஞ்சம் நெஞ்சை நிமித்திச் சொன்னாரு. சேலத்துப் பொண்ணு, அந்த வார்த்தைக்காகவே குடுத்தாங்க. அப்புறம் பட்டதெல்லாம் அந்த வார்த்தையாலதான்.

நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். லைன் ஓடுற வரைக்கும் என்னை ஒரு நாயும் தேடாது. நின்னுருச்சுன்னா போதும், சூப்பர்வைசர்லருந்து மேனேஜர் வரைக்கும் என் தலைமேல வந்து நிப்பாங்க. ஷிப்ட்டு முடிஞ்சு கேட் வாசலுக்குப் போயிருந்தாலும் திரும்பக் கூப்பிட்டுக்குவாங்க. பாப்பாவுக்குப் பிறந்தநாளு, லைன் நின்னுருச்சு. பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா, அவளுக்கு டான்சு, லைன் நின்னுருச்சு. மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு பஸ் ஏறப் போனவனைத் திருப்பிக் கூப்பிட்டானுங்க. அத்தனையும் நெசம். ஆனா ஒவ்வொரு தடவையும் போன்ல சொல்றப்ப எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டுச்சு. கம்பெனிக்குள்ள நின்ன லைனை வெளியில யாருக்குக் கொண்டுபோய்க் காட்ட முடியும்?

பாப்பா நல்லாப் பேசப் பழகறதுக்கு முந்தியே அந்த வார்த்தையப் பழகிட்டா. அப்பா எங்கன்னு யாராவது கேட்டா, “லைனு”ன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவா. ஊருக்கெல்லாம் ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். அவளுக்கு ஒரே அர்த்தந்தான், அப்பா வரமாட்டாரு.

அவ மூணாவது படிக்கிறப்ப அவங்கம்மா அவளைக் கூட்டிக்கிட்டு சேலத்துக்கே போயிட்டா. அடிதடி, கோர்ட்டு, கேசு எதுவும் இல்ல. “தனியாத்தான் இருக்கணும்னா அதுக்கு எதுக்கு ஓசூரு, சேலத்துலயே இருந்துக்கறேன்”னா. முதல்ல வாராவாரம் பேசுனோம், அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்னு ஆச்சு. தனியா இருக்கிறது பழகிப்போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் பழகல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் குக்கர் சத்தம் அடுத்த வீட்டுலருந்து கேட்டா இன்னும் ரூமை விட்டு எந்திரிச்சு வெளியில போயிருவேன்.

இந்த வருஷம் படிப்பு முடிச்சு பாப்பாவுக்கு பெங்களூர்ல வேலை கெடைச்சுது. அவளே போன் பண்ணுனா. “அப்பா, நாளைக்குப் போறேன். பஸ்சு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்து கொஞ்ச நேரம் நிக்குமாம். மூணு மணி வாக்குல வரும். வர்றீங்களா?” வர்றேன்னேன். “கண்டிப்பா?”ன்னா. “கண்டிப்பா கண்ணு”ன்னேன். போனை வெச்சுட்டா.

எனக்கு அன்னிக்கு நைட் ஷிப்ட்டு. எங்க லைன் வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. நைட் ஷிப்ட்டு முடிச்சு வந்து படுக்கிறவங்க, அடுத்த வீட்டுல பூட்டையும் சாவியையும் குடுத்து வெளியில பூட்டிக்கச் சொல்லிருவாங்க. பூட்டு தொங்குனாத்தான் கேஸ்காரன், கேபிள்காரன், சீட்டுக்காரன் எவனும் கதவைத் தட்ட மாட்டான். சொன்ன நேரத்துக்கு அவங்களே வந்து திறந்து விடுவாங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாள் தவறுனதில்ல. என் பக்கத்து வீட்டம்மா குப்பத்துக்காரங்க, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாங்க. மறுநாள் காலையில ஷிப்ட்டு முடிஞ்சு வந்ததும், “எங்க பொண்ணு வர்றா, ரெண்டு மணிக்குத் திறந்துரும்மா”ன்னு சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையை ஆணியில மாட்டிட்டுப் படுத்தேன். “மீரு படுங்கண்ணா, நான் இருக்கேன்ல”ன்னு பூட்டிக்கிட்டுப் போனாங்க.

முழிப்பு வந்து பாத்தா ரெண்டைத் தாண்டிருச்சு. கதவு மூடியே இருந்துச்சு. தட்டுனேன், கூப்பிட்டேன். பொறவு கத்துனேன். ஒரு பதிலும் இல்ல. தங்கச்சிக்குப் பிரசவ வலின்னு போன் வந்து, அந்தம்மா இருந்த ஒரே சாவியோட குப்பத்துக்கு ஓடிருச்சுன்னு எனக்குப் பொழுது சாய்ஞ்சப்புறந்தான் தெரியும். பாவம், அதைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு. கூப்பிடலாம்னா நம்பர் இல்ல. ஒரு செவுத்துக்கு அந்தாண்ட இருக்கிறவங்களுக்கு நம்பர் எதுக்குன்னு இருந்துட்டேன். மத்த வீடெல்லாம் ஷிப்ட்டுக்குப் போயிருச்சு. வீட்டு ஓனர் போனை எடுக்கல. என் போன்ல இருந்த நம்பரெல்லாம் கம்பெனி நம்பரு, எல்லாரும் லைன்ல நின்னுக்கிட்டு இருப்பாங்க, போன் லாக்கர்ல இருக்கும். இந்த ஊர்ல எனக்கு ஆளே இல்லைங்கிறது அன்னிக்குத்தான் ஒறைச்சுது.

சூளகிரி தாண்டிட்டேன்னு பாப்பா போன் பண்ணுனா. விசயத்தைச் சொன்னேன்.

“லைன்ல இருக்கியா கண்ணு?”

“இருக்கேன். வீட்டுக்குள்ள வெச்சு வெளியில பூட்டிட்டாங்களா?”

“ஆமாம்மா.”

“அம்மா சொன்னாங்க, ஏதாவது ஒண்ணு நின்னுரும்னு.”

வீடியோவுல கூப்பிட்டுக் கதவைக் காட்டுனேன். புடிச்சு ஆட்டிக் காட்டுனேன். உள்ளருந்து பாத்தா அது சும்மா மூடுன கதவுதான், பூட்டா தெரியும்? ஜன்னல் கம்பி வழியா போனை நீட்டிப் பாத்தேன். முழங்கை மாட்டிக்கிச்சு, போன்ல செவுருதான் தெரிஞ்சுது. “போதும்ப்பா, விடுங்க”ன்னு கட் பண்ணிட்டா. நான் அப்பிடியே தரையில உக்காந்து அழுதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம், அழுதேன்.

கொஞ்ச நேரத்துல திரும்பவும் அடிச்சா. “இறங்கிட்டேன். ஆட்டோவுல இருக்கேன். எங்க வரணும்?” லைன் வீடுன்னு கேளுன்னேன். “இங்க எல்லாமே லைன் வீடுதானாம்ப்பா, ஆட்டோக்காரர் சிரிக்கிறாரு.” தண்ணி டேங்கு, மாவு மில்லு, அதுக்கடுத்த சந்துன்னு வழி சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியில வந்து நின்னா. அவங்கம்மா ஜாடை, நெத்தி மட்டும் என்னுது. என்னை ஒரு பார்வை பாத்துட்டு நேரா கதவுகிட்ட போயிட்டா. பூட்டைப் புடிச்சு இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. இன்னொரு தடவை இழுத்தா. கல்லைத் தூக்கிட்டு வந்து போட்டுப் பாத்தா, மூச்சு வாங்குற வரைக்கும். திருட்டுக்குப் பயந்து நானே பாத்து வாங்குன கெட்டிப் பூட்டு, அது அசையல.

பொறவு ஜன்னலுக்கு வந்தா. முகமெல்லாம் வேர்வை. கம்பி வழியா கையை நீட்டுனேன், புடிச்சுக்கிட்டா. வேலை என்ன, சாப்பாடு எப்பிடின்னு கேட்டேன். என்ன பதில் சொன்னான்னு எதுவும் மனசுல நிக்கல. தெருமுனையில ஆட்டோக்காரரு ஹாரன் அடிச்சாரு. இருட்டறதுக்குள்ள அவ பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேரணும்.

“உங்களைப் பாக்கணும்னு இறங்கலப்பா”ன்னா. “பூட்டு இருக்கான்னு பாக்கத்தான் இறங்குனேன். இருக்காதுன்னு நெனச்சேன்.”

கையை விட்டுட்டுப் போனை எடுத்தா. என்னைத்தான் எடுக்கப் போறான்னு தலையைக் கோதிக்கிட்டு நின்னேன். அவ கதவுகிட்ட குனிஞ்சு, பூட்டைக் கிட்டக்க வெச்சு ஒண்ணு, கொஞ்சம் தள்ளி நின்னு ஒண்ணு எடுத்தா.

“அம்மாவுக்கு அனுப்பணும்”னா.